வினைமுற்று தெரிந்தால் வாக்கியம் ஓடும்

டிசம்பர் பிறந்தாலே தமிழ்ப் பதிப்பகங்களில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் புத்தகம் அச்சாகி வந்தாக வேண்டும். எழுதுவதிலும் பிரதிகளைச் செம்மைப்படுத்துவதிலும் நான் கற்றதில் பாதி, இந்த நெருக்கடி மாதத்தில் கற்றதுதான். மனம் ஒன்றி வேலை செய்ய அமைதியான அறை வேண்டும், நிறைய நேரம் வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது கைக்குத் தெரிந்திருந்தால் போதும், சத்தத்துக்கு நடுவிலும் வேலை ஓடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. சென்று, பார்த்து, கேட்டு, வியந்து என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எங்கே முடிக்கப்போகிறோம் என்று தெரியாமல் தொடங்கினால் பாதி வழியில் எழுவாய் மறந்துபோகும். திரும்பப் படிப்போம், அழிப்போம், அங்கேயே நின்றுவிடுவோம். ஆகவே, எழுதத் தொடங்கும்போதே அந்த வாக்கியத்தின் வினையை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ‘மறுத்தார்’, ‘கிடைக்கவில்லை’ என்று ஒரு சொல் போதும். முன்னால் வரவேண்டியவை தாமாக வந்து சேரும். இந்தப் பழக்கம் வந்த பிறகு என் வாக்கியங்களும் சுருங்கின.

முதல் படி எழுதும்போது ஒற்றுப் பிழை பார்ப்பதில்லை. ‘எழுதி பார்த்தேன்’ என்று விழுந்தால் விழட்டும். விட்டுப்போன ‘ப்’புக்காகத் திரும்பினால், சொல்ல வந்த அடுத்த விஷயம் கைநழுவிவிடும்.

தட்டச்சும் சின்ன விஷயமில்லை. ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழை வரவழைக்கும் முறையில் பலர் எழுதுகிறார்கள். அதில் கை ஒரு மொழியிலும் மனம் ஒரு மொழியிலும் நிற்கிறது. 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘பந்து’வுக்கும் அப்படித்தான். பழகச் சில வாரங்கள் பிடிக்கும். கெடு நெருங்காத மாதமாகப் பார்த்துப் பழகுங்கள்.

செம்மையாக்கத்துக்கு வருகிறேன். மனம் வேலையில் கரைந்துபோகும் நிலையை ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, 1990இல் வந்த தன் புகழ்பெற்ற நூலில் சில அடையாளங்களைச் சொல்கிறார்: தெளிவான இலக்கு, உடனுக்குடன் கிடைக்கும் பதில், திறமைக்கு ஏற்ற சவால். ஒரே வாசிப்பில் அமைப்பு, நடை, தகவல், சந்தி எல்லாவற்றையும் திருத்த உட்காருகிறவருக்கு முதல் அடையாளமே இல்லாமல் போகிறது. நான் ஒரு சுற்றுக்கு ஒரு வேலைதான் வைத்துக்கொள்வேன். முதலில் பத்திகளின் வரிசை. பிறகு நடை. அதன்பின் பெயர்களும் ஆண்டுகளும். சந்தி கடைசியில்தான், ஏனென்றால் வெட்டப்போகிற வாக்கியத்துக்கு ஒற்றுப் போடுவது வீண் உழைப்பு.

நடைக்கான சுற்றை வாய்விட்டுத்தான் படிப்பேன். உடனுக்குடன் பதில் கிடைப்பது அங்கேதான். ‘அவருடைய வருகையானது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியை ஏற்படுத்துவதாக இருந்தது.’ இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ‘வருகையானது’ என்ற இடத்திலேயே நாக்கு தயங்கும், ‘ஏற்படுத்துவதாக’ வருவதற்குள் மூச்சு குறையும். ‘அவர் வந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்’ என்று வாயே திருத்திச் சொல்லும். கட்டுரையின் தொனிக்கு ஏற்றபடி ‘மிகுந்த மகிழ்ச்சி’ என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பக்கம் இப்படிப் போனால், எழுதியவரின் குரல் காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் அவர் சொல்லாத சொல்லைப் போட மனம் வராது. செம்மையாக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் அது.

ஓட்டத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் சில்லறைச் சந்தேகங்கள். கோயிலா, கோவிலா? ரசிகரா, இரசிகரா? ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தாள் வைத்து, ஒருமுறை முடிவெடுத்ததை அதில் எழுதிவிடுவேன். பக்கத்தில் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இருக்கும். எடிட்டிங்கை ஒரு தனிக் கலையாகவே மதித்த பதிப்பகம் க்ரியா. 1992இல் அந்த அகராதியைக் கொண்டுவந்து, நம்மைப் போன்றவர்களின் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

தெம்பு தீரும்வரை எழுதிவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து வருவது என்னவென்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்துவதாக ஹெமிங்வே 1958இல் வெளியான ஒரு நேர்காணலில் சொன்னார். நான் அடுத்த வாக்கியத்தின் வினைச்சொல்லை மட்டும் அடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் எதுவும் நகராத நாள்கள் உண்டு. அன்றைக்கு ஆண்டுகளைச் சரிபார்க்கலாம், அடிக்குறிப்புகளை வரிசைப்படுத்தலாம், பொருளடக்கத்தின் பக்க எண்களை ஒத்துப்பார்க்கலாம். எப்படியும் யாராவது செய்தாக வேண்டிய வேலைகள் அவை.