நோய் மீனுக்கல்ல, நீருக்கு

க.பொ.த. உயர்தர வகுப்பு, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

சென்ற தவணைப் பரீட்சையில் நைதரசன் வட்டம் பற்றிய வினாவுக்கு எனக்கு முழுப் புள்ளிகள் கிடைத்தன. அம்புக்குறிகளையெல்லாம் பிழையின்றி வரைந்திருந்தேன். இரண்டு வாரங்களின் பின் அதே வட்டத்தை எங்கள் வீட்டு மீன் தொட்டியில் என் கையாலேயே அறுத்தெறிந்தேன். அறுத்தது எனக்கே தெரியாது.

தொட்டி தம்பியுடையது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், சுமார் 50 லீற்றர் நீர் கொள்ளும். அதில் இரண்டு தங்க மீன்கள் இருந்தன. வெளிறிய மீனுக்குச் சீனி என்றும், சற்றுக் கருஞ்சிவப்பான மீனுக்கு வட்டிலப்பம் என்றும் தம்பி பெயர் வைத்திருந்தான். நோன்புப் பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கும்போது தொட்டி என் பங்குக்கு வந்தது. மீன்களை வாளிக்கு மாற்றினேன். பழைய நீரை முழுவதும் ஊற்றினேன். அடியிலிருந்த கற்களை ஐந்தாறு தடவை அலசினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, கபில நிற அழுக்கு வருவது நின்ற பிறகு மதிலில் வெயிலுக்குக் காயப்போட்டேன். குழாய் நீரில் குளோரீன் இருக்கும் என்பது தெரியும். அதனால் முதல் நாளே வாளிகளில் பிடித்து வைத்த நீரைத்தான் நிரப்பினேன். அந்தக் கவனத்தை நினைத்து எனக்கு நானே பெருமைப்பட்டதும் உண்டு.

பெருநாளன்று வந்தவர்கள் எல்லோரும் தொட்டியைப் பாராட்டினார்கள். சிறுவர்கள் ஆளுக்கொரு பிடியாக மீனுணவைத் தூவினார்கள். மறுநாள் பின்னேரம் இரண்டு மீன்களும் நீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. செட்டைகள் உடலோடு ஒட்டியிருந்தன. பூக்கள், அதாவது செவுள்கள், இயல்பைவிடச் சிவந்திருந்தன. அடுத்த நாள் சுபஹுக்கு எழுந்தபோது சீனி மிதந்துகொண்டிருந்தது.

தம்பி அழவில்லை. "ராத்தா, நீங்க கழுவினதாலயா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். அப்போது அதை உண்மையென்றே நம்பினேன்.

(வகுப்பில் "எங்கள் மீனுக்குச் சுகமில்லை" என்று சொன்னபோது, "அப்ப கறிக்கு எடுக்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள். கடலோர ஊரில் மீன் வளர்ப்பவர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.)

அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் கேட்டதற்கு, எதுவும் விசாரிக்காமலே நீல நிற மருந்துப் போத்தல் ஒன்றைத் தந்தார்கள். அதை ஊற்றும் முன்பு உயிரியல் ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பஞ்சை எதில கழுவினீங்க, பிள்ளை?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

புரதம் சமிபாடடைந்து உடைக்கப்படும்போது நைதரசன் கழிவு உண்டாகிறது. நம் ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. தங்க மீன் அப்படி மாற்றுவதில்லை. பெரும்பாலும் அமோனியாவாகவே பூக்களினூடாக நீருக்குள் விட்டுவிடுகிறது. ஆற்றிலோ குளத்திலோ அது கரைந்து பரவிப் போகும், மீனும் நீந்தி அப்பால் போகும். கண்ணாடித் தொட்டியில் மீனுக்குப் போக இடமில்லை. அங்கே அதைக் காப்பாற்றுபவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள். ஒரு தொகுதி அமோனியாவை நைத்திரைற்றாக ஒட்சியேற்றுகிறது, இன்னொரு தொகுதி நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குகிறது. இந்த இரண்டு படிகளையும் தனியாகவே செய்யும் நைத்திரோஸ்பைரா வகைகள் 2015 இல் அறியப்பட்டன. அவற்றுள் சில, மீன் வளர்க்கும் தொகுதியொன்றின் வடிகட்டியிலேயே கண்டறியப்பட்டவை. என் குறிப்புக் கொப்பியில் அது இல்லை.

இந்தப் பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவது குறைவு. கற்களிலும் பஞ்சிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. நான் அழுக்கென்று பிழிந்ததிலும் வெயிலில் காயப்போட்டதிலும் இருந்தவை அவையே. ஈ. கோலி நல்ல நிலைமைகளில் 20 நிமிடத்தில் இருமடங்காகும். இவற்றுக்குப் பல மணித்தியாலங்கள் வேண்டும், சில வேளை ஒரு நாளுக்கும் மேல் செல்லும். அதனால்தான் புதிய தொட்டியொன்று நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் எடுக்கிறது. பளபளவென்றிருந்த எங்கள் தொட்டி அன்று புதிய தொட்டியாகிவிட்டிருந்தது. போதாததற்குப் பெருநாள் விருந்து வேறு.

தோழி ஒருத்தி தன் வீட்டிலிருந்த சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். குழாயில் நீரெடுத்துத் துளிகளை விட்டால், அமோனியா இல்லாதபோது மஞ்சளாகவே இருக்கும். எங்களுடையது பச்சையானது. நிற அட்டைப்படி லீற்றருக்கு 2 மில்லிகிராம். நீரின் பீ.எச் ஏறக்குறைய 8. இதுவும் முக்கியம். நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும், அமோனியம் அயனைவிட ஏற்றமில்லாத அமோனியாவே கொடியது. 25 பாகை செல்சியஸில் பீ.எச் 7 ஆனால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்கே அந்தக் கொடிய வடிவில் இருக்கும். பீ.எச் 8 ஆனால் அது 5 சதவீதமளவுக்கு ஏறும். தம்பி கடற்கரையில் பொறுக்கிப் போட்டிருந்த சிப்பிகளின் கல்சியம் காபனேற்றும் பீ.எச்சைக் கூட்டியிருக்க வேண்டும். அவற்றை வெளியே எடுத்தோம்.

நீல மருந்து அலுமாரிக்குப் போனது. அத்தகைய மருந்துகள் எஞ்சிய பற்றீரியாவையும் கொல்லக்கூடும். முதல் நான்கு நாட்களும் உணவை அடியோடு நிறுத்தினோம். தம்பிக்கு அதுதான் பெரிய கொடுமையாகப் பட்டது. ஆனால் உண்ணாவிட்டால் கழிவும் குறையும், தங்க மீன் சில நாட்கள் பட்டினியைத் தாங்கும். காலையும் மாலையும் நீரில் காற்பங்கை மாற்றினோம். மாற்று நீர் ஒரு நாள் திறந்து வைத்ததாகவும் தொட்டி நீரின் அதே வெப்பநிலையிலும் இருக்கப் பார்த்துக்கொண்டோம். காற்றுக் குமிழி இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. அமோனியா குறையத் தொடங்க நைத்திரைற்று ஏறும் என்று ஆசிரியை எச்சரித்திருந்தார். அது ஈமோகுளோபினை மாற்றி ஒட்சிசன் காவும் ஆற்றலைக் கெடுக்கிறது, குருதியே கபில நிறமாகும். கல்லுப்பு 50 கிராமைக் கரைத்து இரண்டு நாட்களாகப் பிரித்து ஊற்றினேன். பூக்களில் நைத்திரைற்று நுழையும் வழியில் குளோரைட்டு அயன்கள் போட்டியிட்டு அதைத் தடுக்கும்.

உண்மையான மருந்து ஒரு பொலித்தீன் பையில் வந்தது. நோயில்லாத மீன்கள் வாழும் தன் தொட்டியின் பஞ்சில் பாதியை வெட்டி, அதே நீரில் ஈரமாகவே அந்தத் தோழி கொண்டுவந்தாள். கறுத்து, வழுவழுவென்று, நாற்றமுமிருந்தது. உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். கழுவாமல் அப்படியே வடிகட்டிக்குள் வைத்தேன்.

அந்த நாட்களில் உம்மம்மா தஸ்பீஹோடு தொட்டிக்கு அருகில் வந்து உட்காருவார். பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை ஒரு மாலையில் நினைவுபடுத்தினார். "அடச்சி வெச்ச உயிருக்கு அடச்சவங்கதான் பொறுப்பு, மகள்" என்றார். என்னைக் குற்றஞ்சாட்டிச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு தம்பியிடம் போய், சீனி செத்தது நான் கழுவியதால்தான் என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றான்.

ஐந்தாம் நாள் வட்டிலப்பம் அடியில் போய்க் கற்களை மோப்பம் பிடித்தது. ஏழாம் நாள் ஒரேயொரு உணவுமணியை விழுங்கியது. பத்தாம் நாளளவில் வாலோரத்திலும் முதுகிலும் கருந்திட்டுகள் தோன்ற, வீடே மறுபடி பதறியது. அமோனியாவால் எரிந்த தோல் ஆறும்போது தங்க மீனில் இப்படிக் கறுப்பு நிறப்பொருள் தோன்றுவதுண்டு, பின்னர் மெல்ல மறைந்துவிடும். மூன்றாம் வார முடிவில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாயின, நைத்திரேற்று மட்டும் காட்டியது. வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தது.

இப்போது பஞ்சை மாதமொரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாக அமுக்கி எடுக்கிறேன். அந்தக் கபில நீரை உம்மா கொச்சிக்காய்ச் செடிக்கு ஊற்றுகிறார். தம்பி இன்னொரு மீன் கேட்கிறான். ஆறு வாரம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாட்காட்டியில் அவன் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வருகிறான். வட்டிலப்பத்தின் வாலோரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது.