இரு நிரல்களும் ஏன் நின்றன?



நம் பழைய ஆண்டு மலர்களின் பக்கங்களைப் படமெடுத்து, கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் கிட் என்னும் மென்பொருளில் சேர்த்து வந்தோம். கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் காத்து வைக்கும் இதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கினார். புதுக் கோப்புகள் வந்தவுடன் தானாக ஓடிச் சோதிக்கும் சிறு நிரலுக்கு ஹூக் என்று பெயர். உடைந்த படங்களைத் தடுக்க நாங்களே ஒன்று எழுதினோம்.

500 பக்கங்கள் அனுப்பியபோது நன்றாக ஓடிற்று. 2,000 பக்கங்களை ஒருசேர அனுப்பியதும் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தியும் இல்லை. ஹூக் முடியாமல் ஒரு பக்கமும் உள்ளே ஏறாது. கணிப்பொறி பழையது என்று அதன்மேல் பழி போட்டோம். பாவம் அது!

எங்கள் ஹூக், கேட்-ஃபைல் என்னும் துணை நிரலுக்கு ஒரு பைப் வழியே கோப்புகளின் அடையாள எண்களைக் கொடுக்கும். துணை நிரல் மற்றொரு பைப் வழியே கோப்புகளைத் திருப்பித் தரும். பைப் என்பது நிரல்களை இணைக்கும் குழாய். 1973-இல் கென் தாம்ப்சன் இதை யூனிக்ஸில் அமைத்தார். லினக்ஸில் ஒரு குழாய் வழக்கமாக 65,536 பைட்டுகள் கொள்ளும். நிறைந்தால், எழுத வந்த நிரல் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும்.

அக்கா அழுக்குப் பாத்திரங்களை நீட்ட, தங்கை கழுவிப் பலகையில் வைப்பதாக எண்ணிப் பாருங்கள். பலகை நிறைந்துவிட்டது. கையிலுள்ளதை வைக்க இடமின்றித் தங்கை அடுத்ததை வாங்கவில்லை. அக்காவோ, "எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகே பலகையை ஒழிப்பேன்" என்கிறாள். இருவரும் நின்றபடியே நிற்பார்கள். இதற்குத்தான் டெட்லாக் என்று பெயர்.

ஓர் அடையாள எண்ணுக்கு, வரி முடிவையும் சேர்த்து, 41 பைட்டுகள். 500 எண்களுக்கு 20,500, குழாயில் அடங்கிவிடும். 2,000 எண்களுக்கு 82,000, அடங்காது. சிறு சோதனையில் எங்கள் தவறு வெளிப்படாததற்கு இதுவே காரணம்.

ஸ்ட்ரேஸ் என்னும் கருவியால் பார்த்தோம். இரண்டு நிரல்களும் 'ரைட்' என்ற கட்டளையிலேயே நின்றிருந்தன. துணை நிரல் 'ரீட்' கட்டளையில் நின்றிருந்தால் காரணம் வேறு: எழுதி முடித்தும் குழாயின் வாயை மூட மறந்திருப்போம்.

இப்போது எண்களை முதலில் ஒரு கோப்பில் எழுதி, அதையே துணை நிரலுக்குக் கொடுக்கிறோம். ஹூக்கிற்கு இனிப் படிக்கும் வேலை மட்டுந்தான். 2,000 பக்கங்களும் ஏறிவிட்டன. உடைந்த படங்கள் மூன்று அகப்பட்டன. மூன்றும் நாங்கள் அவசரத்தில் எடுத்தவை.