வயரை வெட்டும் முன்

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ராத்திரி நீ போன் செய்தபோது லைன் விட்டு விட்டுக் கேட்டது. "இன்ஜின் உட்கார்ந்துவிட்டது மாமா, மூணு கப்ளர்தான் தகராறு பண்ணுது, வெட்டி ஒட்டிடட்டுமா?" என்றாய். "வெட்டாதே கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டறையில் கையில் கிரீஸோடு எடுத்துப் பார்க்கக் காகிதம்தான் வசதி என்று எழுதுகிறேன்.

நீ இறக்கியது ஸ்விஃப்ட் டீசலின் 75 பிஎஸ் இன்ஜின். ஏற்றியிருப்பது எர்டிகாவின் 90 பிஎஸ் இன்ஜின். இரண்டும் ஃபியட் வடிவமைத்த அதே 1248 சிசி மல்டிஜெட்தான். இந்தியாவில் 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா என்று பரவியது. புன்டோவிலும் டாட்டா விஸ்டாவிலும் கூட அதுதான் ஓடியது. பிளாக் ஒன்று என்பதால் மவுண்டிங்கில் உட்கார்ந்துவிடும். ஆனால் மேலே பூட்டியிருக்கும் சாமான்கள் வண்டிக்கு வண்டி மாறும். கப்ளர் சேராமல் போவது அங்கேதான்.

முதலில் இதைப் பிடித்துக்கொள். வண்டியின் ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்), வயரிங், சாவி மூன்றும் ஒரே குடும்பம். மாருதியின் ஐகேட்ஸ் பூட்டு சாவியை ஈசிஎம்மோடு சேர்த்து வைத்திருக்கிறது. எர்டிகாவின் ஈசிஎம்மைக் கொண்டுவந்து மாட்டினால் உன் சாவிக்கு அது ஸ்டார்ட் ஆகாது. ஆக, ஸ்விஃப்ட்டின் வயரிங் அப்படியே இருக்கட்டும். அதற்கு ஏற்றபடி இன்ஜினை மாற்று. சென்சார் சேரவில்லையா, கப்ளரை வெட்டாதே. பழைய இன்ஜினில் இருக்கும் சென்சாரைக் கழற்றி இதில் போடு.

டெம்பரேச்சர் சென்சார் கப்ளர் உள்ளே போகவில்லை என்றாயே, அதன் வாய்க்குள் இருக்கும் சின்ன வரியைப் பார். தப்பான சென்சாரில் மாட்டிவிடக் கூடாதென்றுதான் கம்பெனிக்காரன் அந்த வரியை வைக்கிறான். அதைப் பிளேடால் சீவி நுழைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுழையும், இன்ஜினும் ஓடும். ஆனால் இரண்டு சென்சாரும் ஒரே சூட்டுக்கு ஒரே ஓம்ஸ் காட்டும் என்று யார் சொன்னது? பெரும்பாலான சென்சார்கள் ஆறிய நிலையில் 2,000-லிருந்து 3,000 ஓம்ஸ் வரை காட்டும், சூடு 80 டிகிரியைத் தொடும்போது 300 அளவுக்கு இறங்கும். இந்தக் கணக்கு கொஞ்சம் வேறான சென்சார் என்றால் ஈசிஎம்முக்குத் தப்பான சூடுதான் தெரியும். ஃபேன் நேரத்துக்கு ஓடாது. ஹெட் கேஸ்கட் போன பிறகு யாரும் அந்தக் கப்ளரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஜோடியே இல்லாமல் தொங்கும் கப்ளர், டர்போவுக்கு வாக்குவம் விடும் சோலனாய்டுடையது. 90 பிஎஸ் டர்போவுக்குள் திரும்பும் சின்னத் தகடுகள் (வேன்) இருக்கின்றன. 75 பிஎஸ்ஸில் அவை கிடையாது, அதனால் உன் ஈசிஎம்முக்கு அவற்றை ஆட்டத் தெரியாது. இதற்கு வயர் இழுத்துப் பிரயோஜனமில்லை. பழைய டர்போவையே மேனிஃபோல்டோடு கழற்றி இதில் மாட்டு. ஆயில் பைப்பும் அதோடு சேர்ந்து வரட்டும்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. கேம் சென்சார் கப்ளர் சேர்ந்துவிட்டது, ஆனால் வயர் கலர் வேறாக இருக்கிறது என்றாய். கலரை வைத்து முடிவு செய்யாதே, வண்டிக்கு வண்டி மாறும். கப்ளர் சேர்ந்துவிட்டதே என்றும் நிம்மதியாக இருந்துவிடாதே. நாலு இன்ஜெக்டருக்கும் கப்ளர் ஒரே மாதிரிதான். ரெண்டாவதையும் மூணாவதையும் மாற்றி மாட்டினாலும் டிக்கென்று உட்காரும், இன்ஜின் மட்டும் உதறும்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூணாம் வருஷம், ஒரு டாக்ஸிக்கு இன்ஜின் மாற்றினோம். மூணு பின் சென்சார் ஒன்றுக்குக் கப்ளர் உடைந்திருந்தது. வேறு கப்ளர் எடுத்து, படத்தைப் பார்த்து 1, 2, 3 என்று பின் ஏற்றினேன். படம் போட்டிருந்தது கப்ளரின் முகத்தை. நான் பிடித்திருந்தது வயர் நுழையும் முதுகை. இடம் வலமாகிவிட்டது. சாவி போட்டதும் 5 வோல்ட்டும் எர்த்தும் மாறிப் போய்ச் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனது. அந்த 5 வோல்ட் லைனில் வேறு சென்சார்களும் இருந்ததால் ஸ்கேனரில் நாலு ஃபால்ட் ஒன்றாக வந்தன. நான் நாலையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். மூணு நாள் அந்த டிரைவர் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சாயந்தரமானால் வீட்டிலிருந்து போன் வரும், "இன்னிக்கும் இல்லை" என்பார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் என் மாஸ்டர் வந்து எல்லாக் கப்ளரையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி வோல்ட் எங்கே விழுகிறதென்று பார்த்தார். பத்து நிமிஷம்தான் ஆனது.

அதனால் நீ கேம் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடு. வண்டிப் பக்கத்துக் கப்ளரில் எந்தப் பின்னில் சப்ளை, எதில் எர்த், எதில் சிக்னல் என்று மீட்டரில் பார்த்து, முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தாளில் வரைந்து வை. பின் நம்பர் பிளாஸ்டிக்கிலேயே பொடி எழுத்தில் இருக்கும், போன் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். டெஸ்ட் லாம்ப் மட்டும் வேண்டாம். அதன் பல்ப் இழுக்கும் கரண்டை ஈசிஎம் தாங்காது. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் வயரைத் தொடாதே, 60 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும்.

பழைய சென்சாரின் மரையே சேராமல், ஒட்டித்தான் ஆகவேண்டும் என்று எப்போதாவது வரும். அப்போதும் மெயின் வயரிங்கில் கட்டரை வைக்காதே. வண்டியின் கப்ளருக்கு ஒரு ஜோடி, சென்சாருக்கு ஒரு ஜோடி, நடுவில் ஒரு சாண் வயர் என்று தனியாக ஒரு ஜம்பர் கட்டு. சரியில்லை என்றால் கழற்றிவிடலாம், வண்டி பழையபடி இருக்கும். செகண்ட்ஸ் இன்ஜின் எடுக்கும்போதே வயரைக் கப்ளரை ஒட்டி நறுக்காமல் ஒரு சாண் விட்டுத் தரச் சொல். இணைப்பைக் கிரிம்ப் பண்ணு. ஈயம் வைத்த இடம் விறைத்துப்போய், இன்ஜின் அதிர்வில் அதன் ஓரத்தில் வயர் முறியும். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் இழுத்துப் பார். இன்ஜின் பக்கத்தில் பிவிசி டேப் சுற்றினால் சூட்டில் பசையாக வழியும். துணி டேப் வாங்கிக்கொள்.

இன்ஜின் நம்பர் மாறிவிட்டது என்பதை ஓனருக்கு ஞாபகப்படுத்து. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவிக்க வேண்டும். அதற்கு இன்ஜின் வாங்கிய பில் வேண்டும், பத்திரமாக வை.

எல்லாம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதே. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பார். கூலண்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28, இன்னொன்று 60 என்றால் சாவியை எடுத்துவிட்டு எனக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருகிறேன். அதுவரை அந்தப் பழைய இன்ஜினை மட்டும் இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதே. உனக்கு வேண்டிய டர்போவும் சென்சாரும் அதில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
மாமா