கனிமப் பேழைகளைத் துல்லியமாகப் படமெடுக்கும் முறை

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவதையும், களர் நிலத்தைச் சீர்திருத்த ஜிப்சம் இடுவதையும் உழவர்கள் அறிவர். ஆனால் ஜிப்சம் என்ற பெயரில் சுண்ணாம்புக்கல் தூள் வந்து சேர்ந்தால் கண்டுகொள்பவர் எத்தனை பேர்? களர் மண்ணில் சுண்ணாம்புக்கல் எளிதில் கரையாது. செலவு வீணாகும், நிலமும் திருந்தாது. ஆகவே கனிமங்களைக் கட்டியாகப் பார்த்துப் பழகுதல் நலம். ஊரார் அனைவரும் அருங்காட்சியகம் செல்ல இயலாது. ஒருவர் சென்று தெளிவான நீள்படம் எடுத்து வந்தால், உழவர் மன்றக் கூட்டத்தில் எல்லோரும் காணலாம்.

எங்கே எடுக்கலாம்?

சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டு சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளுடன் தொடங்கப்பட்டது. மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். இங்கு நிலவியல் பிரிவு உள்ளது. வெள்ளிக்கிழமை விடுமுறை. உரிய அனுமதி பெற்ற பின்னரே படமெடுக்க வேண்டும்.

ஒரே படம் ஏன் போதாது?

2 மீட்டர் நீளமுள்ள பேழையை, அகலவாக்கில் 4,000 புள்ளிகள் பதியும் கைப்பேசியால் ஒரே படமாக எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 2 புள்ளிகளே கிடைக்கும். 2 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்துக்கு 4 புள்ளிகள்தான். பெயர்ச்சீட்டைப் படிக்க முடியாது. 50 சென்டிமீட்டர் பகுதிகளாக எடுத்தால் அதே எழுத்துக்கு 16 புள்ளிகள் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்க 6 படங்கள் தேவை.

செய்முறை

1. பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணாடி அதைத் திருப்பி அடித்து வெள்ளைப் பொட்டாக்கிவிடும்.

2. கருநிற ஆடை அணிந்து செல்லவும். கருவிக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் எதிர்ச்சுவரின் விளக்குகள் கண்ணாடியில் தெரியா.

3. முக்காலியில் கருவியைப் பொருத்தி, 2 விநாடி தாமத விசையைப் பயன்படுத்தவும். விரல் பட்டு ஏற்படும் அசைவு நீங்கும்.

4. வெளிச்ச அளவு, குவியம், நிறச் சமநிலை ஆகியவற்றை முதல் படத்திலேயே நிலைப்படுத்தவும். இல்லையேல் இணைக்கும்போது பட்டைபட்டையாகத் தெரியும்.

5. ஆழமில்லாத மேசைப் பேழையானால் கருவியைக் கண்ணாடிக்கு இணையாக, ஒரே தொலைவில் நகர்த்தவும். ஆழமான அலமாரியானால் கருவியை நகர்த்தாமல், லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்குமாறு திருப்பவும். நகர்த்தினால் முன்கல் பின்கல்லை வெவ்வேறு அளவில் மறைக்கும்; படங்கள் பொருந்தா.

6. ஒவ்வொரு படத்தையும் அங்கேயே பெரிதாக்கிப் பார்க்கவும். மங்கலானதை உடனே மீண்டும் எடுக்கவும்.

படங்களைக் கணினியில் இணைக்க ஹூகின் என்ற இலவச மென்பொருள் உதவும்.

கடற்கரையில் பழகலாம்

அருங்காட்சியகம் செல்லுமுன் அடையாறு முகத்துவாரத்தின் தென்புறமுள்ள ஊரூர் ஒல்காட் குப்பம் போன்ற கடற்கரையில் பழகிப் பார்க்கலாம். அலை வடிந்த மணலில் கருமணல் கோடுகள் தென்படும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே கண்ணாடி இல்லை, மணற்பரப்பும் தட்டையானது. மேலிருந்து நேராகப் பார்த்து, ஐந்தாறு படங்களை வரிசையாக எடுத்து இணைத்துப் பாருங்கள். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் இழுத்தால், ஒட்டிக்கொள்ளும் கருந்துகள்கள் மாக்னடைட் எனும் இரும்புக் கனிமம். இதே முறையில் தம் வயலில் வெட்டிய மண் குழியின் சுவரையும் மேலிருந்து கீழாகப் படமெடுத்து வைக்கலாம். மண் ஆய்வாளரிடம் காட்ட இது பெரிதும் பயன்படும்.

படம் மட்டும் போதுமா?

போதாது. ஜிப்சம், சுண்ணாம்புக்கல், வெண்கல் மூன்றும் படத்தில் வெள்ளையாகவே தோன்றலாம். ஜிப்சம் கட்டியை நகத்தால் கீறினால் கோடு விழும்; மற்ற இரண்டிலும் விழாது. தூளாக இருந்தால் சிறிது எலுமிச்சைச் சாறு விடவும். சுண்ணாம்புக்கல் தூள் நுரைக்கும். நல்ல ஜிப்சம் நுரைக்காது. பலமாக நுரைத்தால் மூட்டையை நிலத்தில் கொட்டாமல், மாதிரியை வேளாண்மை அலுவலரிடம் கொடுத்து ஆய்வு செய்து கொள்ளவும்.

படத்தால் கண் பழகும். சோதனையால் ஐயம் தீரும். இரண்டையும் கைக்கொண்டால் உழவரின் பணம் வீணாகாது.