கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வந்தது?



போன வருஷம் நம்ம குழு ஒரு சின்னக் கண்காட்சி வைக்க முடிவு செய்தது. ஜார்ஜ்டவுனில் வாழ்ந்த நம் குடும்பங்களின் பழைய படங்கள்தான் பொருள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சலவைத் தொழில் செய்தவர்கள், குவீன் ஸ்ட்ரீட் பக்கம் கடை வைத்திருந்தவர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டதில் முப்பது படம் சேர்ந்தது. ஸ்கேன் செய்து அச்சிடுகிற வேலை என் தலையில் விழுந்தது. "நீதானப்பா கம்ப்யூட்டர் ஆளு" என்று சொல்லிவிட்டார்கள்.

அதில் ஒரு படம் ஜெலுத்தோங்கில் இருக்கும் ஒரு பாட்டி கொடுத்தது. அவர் கணவர் துறைமுகத் தொழிலாளி. 1960-களில், வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம். "பத்திரம்யா, இது ஒன்னுதான் இருக்கு" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்.

முதல் பிரதியை அச்சிட்டு ஆசையாகப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னாய்யா இது, பாசி புடிச்ச மாதிரி இருக்காரு?" என்றார்.

உண்மைதான். முகம் பச்சையாக இருந்தது. சட்டையும் அப்படித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றினேன். தாளை மாற்றினேன், செட்டிங்கை மாற்றினேன், திரையில் படத்துக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். ஒரு பிரதி பச்சை, அடுத்தது ரோஜா நிறம், அதற்கடுத்தது ஊதா. பன்னிரண்டு தாள் வீண். எது எதனால் வந்தது என்று ஒன்றும் புரியவில்லை. அந்தப் பன்னிரண்டு தாளும் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்று: காரணம் தெரியாமல் மருந்து போடாதே, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

சாம்பல் நிறம் எப்படி உண்டாகிறது?

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பிரிண்டர் கறுப்பு மையை மட்டும்தான் பயன்படுத்தும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர் சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உண்டாக்குகிறது. இருட்டான இடத்தில்தான் கறுப்பு அதிகம் சேரும். மூன்றும் சரியான அளவில் விழுந்தால் கண்ணுக்குச் சாம்பல். ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் தலைதூக்கும். மெஜந்தா குறைந்தால் பச்சை, மஞ்சள் குறைந்தால் நீலம், சியான் குறைந்தால் சிவப்பு. வண்ணப் படத்தில் இந்தச் சின்னக் கோளாறு தெரியாது. கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமே இல்லை.

1. முதலில் கோப்பைப் பாருங்கள்

பழைய படம் மஞ்சளித்துப் போயிருக்கும். அதை வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் அந்த மஞ்சளும் கூடவே வரும். படம் திருத்தும் மென்பொருளில் சொட்டுக்குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கும். அதைச் சாம்பலான இடத்தில் வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் வர வேண்டும், உதாரணமாக 128, 128, 128. வேறுபட்டால் படத்தைக் கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள். வண்ண ஸ்கேனை அழித்துவிடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணும் சமமாக இருந்தால் கோப்பு நிரபராதி. திரையில் எப்படித் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

2. நாஸில் சோதனை

மை வருகிற துளை தலைமயிரை விடச் சின்னது. பிரிண்டரைச் சில வாரம் சும்மா போட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிரிண்டரின் பராமரிப்புப் பகுதியில் நாஸில் செக் என்று இருக்கும். கோடுகள் அச்சாகும். எங்கே கோடு அறுந்திருக்கிறதோ, அந்த மை சரியாக வரவில்லை. எனக்கு மெஜந்தாவில் பாதி கோடு காணோம். பாட்டி சொன்ன பாசி அங்கேதான் இருந்தது!

சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தொடர்ந்து இரண்டு, மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நிறைய மை கழிவாகப் போகிறது. சரியாகவில்லை என்றால் ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மறுபடி செய்யுங்கள். ஊறி இளகிவிடுவது உண்டு. அதன்பிறகு வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

3. தாளின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

எந்தத் தாள் என்று நாம் சொல்வதை வைத்துத்தான் பிரிண்டர் எவ்வளவு மை கொட்டுவது என்று முடிவு செய்கிறது. பளபளப்புத் தாளை வைத்துவிட்டு "சாதா தாள்" என்று சொன்னால் கணக்கே மாறிவிடும். வேறு நிறுவனத்து மை நிரப்பினாலும் இதே கதை. பிரிண்டரின் கணக்கு அதன் சொந்த மைக்காகப் போட்டது. மலிவான மை கெட்டது என்று சொல்லவில்லை, கணக்கு பொருந்தாது என்கிறேன்.

4. இரண்டு பேர் உப்புப் போட்டால்?

அம்மா சாம்பாருக்கு உப்புப் போட்டாச்சு. அது தெரியாமல் அக்காவும் போட்டால் வாயில் வைக்க முடியுமா? படம் திருத்தும் மென்பொருளும் வண்ணத்தைச் சரி செய்யும், பிரிண்டர் டிரைவரும் சரி செய்யும். இரண்டும் சேர்ந்து செய்தால் படம் பெரும்பாலும் ஊதாச் சிவப்பாகப் போகும். ஒருவர்தான் செய்ய வேண்டும். மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், அந்தத் தாளுக்கும் பிரிண்டருக்கும் உரிய ஐசிசி புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டிரைவரில் வண்ணத் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். எனக்கு ரோஜா நிறம் வந்தது இதனால்தான்.

5. சாம்பல் படிக்கட்டு

படத்தையே திரும்பத் திரும்ப அச்சிட்டுத் தாளைக் கரைக்காதீர்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பத்துப் பத்து சதவீதமாகக் கூடும் பதினொரு கட்டங்களை ஒரு சின்னத் துண்டில் அச்சிடுங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே சாயல் என்றால் தாள் தேர்வு, புரொஃபைல் அல்லது மையைச் சந்தேகப்படுங்கள். நடுவில் சில கட்டத்தில் மட்டும் சாயல் என்றால் மைகளின் கலவை அந்த இடத்தில் தடுமாறுகிறது, நாஸிலை மறுபடி பாருங்கள்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மை காயும்போது நிறம் கொஞ்சம் மாறும். நம்ம பினாங்கு ஈரக் காற்றில் காயவும் நேரம் எடுக்கும். ஒரு ராத்திரி விடுங்கள். பார்க்கும்போதும் தனியாகப் பார்க்காதீர்கள். நம் கண் எந்தச் சாயலுக்கும் சீக்கிரம் பழகிவிடும். பக்கத்தில் இன்னொரு பிரதியை வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

6. வெளிச்சம்

இவ்வளவும் செய்து முப்பது படமும் வீட்டில் அருமையாக வந்தன. நண்பரிடம் கடன் வாங்கிய ஆறு மை பிரிண்டர் அது. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் மண்டபத்தில் மாட்டினோம். விளக்கைப் போட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடியும் பச்சை! ஒரு படத்தைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்தேன். வெயில் நேரே படாத நிழலில் சுத்தமான சாம்பல். உள்ளே போனால் பாசி.

இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர் சொல்வார்கள். மூன்று வண்ண மை கலந்து உண்டாக்கிய சாம்பல் ஒரு விளக்கில் சாம்பலாகத் தெரியும். வேறு விளக்கில், அந்த விளக்கின் ஒளியில் நிறங்கள் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஏதாவது ஒரு பக்கம் சாயும். பழைய குழல் விளக்குகளில் பச்சை தூக்கலாக இருக்கும்.

பெரிய நிறுவனங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. எப்சன் 2000-ஆம் ஆண்டு ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்ற பிரிண்டரைக் கொண்டுவந்தது. நீண்ட காலம் மங்காத நிறமி மை என்பது அதன் பெருமை. ஆனால் வீட்டு பல்ப் வெளிச்சத்தில் நன்றாக இருந்த படம் பகல் வெளிச்சத்தில் பச்சையடித்தது. அதன்பிறகு மையை மாற்றிக்கொண்டே வந்து, 2005-இல் கே3 என்ற மையில் கறுப்பையே மூன்று அடர்த்தியில் வைத்தார்கள்: கறுப்பு, இளங்கறுப்பு, அதைவிட இளங்கறுப்பு. சாம்பலைச் சாம்பல் மையாலேயே அச்சிட்டால் வண்ண மையின் வேலை குறைகிறது. வண்ண மை குறைந்தால் விளக்குக்கு விளக்கு நிறம் மாறுவதும் குறைகிறது.

கடன் வாங்கிய பிரிண்டரில் சாம்பல் மை இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்று தனி முறையும் இருந்தது. நான்தான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அந்த முறையில், சாயலை நடுநிலையிலிருந்து ஒரு சிட்டிகை பழுப்புப் பக்கம் நகர்த்தி, மண்டபத்து விளக்கின் கீழேயே ஒரு துண்டைச் சோதித்தேன். லேசான பழுப்பைப் பழைய படம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். மனித முகத்தில் பச்சையை ஏற்காது. அன்று ராத்திரி முப்பதையும் திரும்ப அச்சிட்டோம். தம்பிகள் மூன்று பேர் விடியும்வரை கூட இருந்தார்கள்.

உங்கள் பிரிண்டரில் நான்கு மைதானா? கறுப்பு மையால் மட்டும் அச்சிடும் வசதி இருந்தால் முயன்று பாருங்கள். கிட்டத்தில் புள்ளி தெரியும், சுவரில் மாட்டினால் அவ்வளவாகத் தெரியாது. நிறச் சாயல் தொல்லை மிகவும் குறையும். முடிந்தால் மாட்டும் இடத்து விளக்கையும் மாற்றுங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90-க்கு மேல் என்று போட்டிருக்கும் பல்ப் நல்லது.

கண்காட்சிக்குப் பாட்டி பேரனோடு வந்தார். தாத்தா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். பாட்டி முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சட்டை வெள்ளையா இருக்குல்ல? நான்தான் அன்னிக்குக் காலைல கஞ்சி போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தேன்" என்றார்.

தமிழ் ஸ்டூடியோப் படங்கள் எவ்வளவு பெரிய செல்வம் என்று வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களைத் தேடி எண்ணிமமாக்கும் வேலையைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் இருப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பவர் யார், எங்கே எடுத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யுங்கள். சாம்பல் படிக்கட்டு ஒன்று அச்சிட்டு, படம் எந்தச் சுவரில் தொங்கப் போகிறதோ அந்தச் சுவரில், அந்த விளக்கில், ராத்திரியும் பகலும் பாருங்கள். அதன்பிறகு படத்தை அச்சிடுங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் துண்டைக் கையோடு அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.