ஒன்றை மூன்றால் வகுத்தால் முடிவதே இல்லையே?

கேள்வி: 1/3-ஐத் தசமமாக எழுதினால் 0.333... என்று போய்க்கொண்டே இருக்கிறது. அப்படியானால் அது விகிதமுறா எண்தானே?

பதில்: இல்லை, அது விகிதமுறு எண்தான். முடிவின்றி நீள்வது அந்த எண்ணின் குணம் அல்ல. நாம் பத்தை அடிமானமாக வைத்து எழுதுவதன் விளைவு. 10-இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இவற்றைத் தவிர வேறு பகாக் காரணி இல்லாவிட்டால்தான் தசமம் முடியும். பழந்தமிழ்க் கணக்கின் மாகாணி 1/16, மா 1/20, முந்திரி 1/320; மூன்றும் முடிந்துவிடும். முந்திரி என்பது 0.003125. நேரக் கணக்கிலோ அறுபதுதான் அடிப்படை, அறுபதில் மூன்று அடங்கும். அதனால் ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமே இல்லாமல் 20 நிமிடம்.

முடிவில்லாத தசமம் எப்படிப் பின்னமாகும் என்று கேட்கலாம். 1-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். ஏழால் வகுக்கும்போது பூச்சியம் நீங்கலாக ஆறு மீதிகளே உண்டு என்பதால், பழைய மீதி ஒன்று திரும்ப வந்தே தீரும். வந்ததும் 142857 மறுபடி தொடங்குகிறது. √2-இன் விரிவில் இப்படிச் சுழற்சி கிடையாது. அதுதான் உண்மையான வேறுபாடு. π-க்குப் பதில் 22/7 போட்டுப் பழகியது மாணவர்களைக் குழப்புகிறது. 22/7 வெறும் தோராயம், அது சுழலும், π சுழலாது. கால்குலேட்டர் இருக்கும்போது பின்னம் எதற்கு என்பவர்கள் 0.333-ஐ மூன்றால் பெருக்கட்டும்: 0.999தான் கிடைக்கும். கணக்கு நெடுகப் பின்னமாகவே வைத்துக்கொண்டு, கடைசி வரியில் மட்டும் தசமமாக்குங்கள்.