வெள்ளம் வடிந்த பிறகு: நான்கு நம்பிக்கைகளும் உண்மைகளும்

வடகிழக்குப் பருவமழையில் சென்னை மூழ்கும்போதெல்லாம் முழங்கால் அளவு, இடுப்பளவு என்று தண்ணீரின் உயரத்தைத்தான் பேசுகிறோம். அது வடிந்ததும் பேச்சும் ஓய்ந்துவிடுகிறது. தாழ்வான பகுதி மக்களுக்கோ அதன் பிறகுதான் குடிநீர் வழியாக அடுத்த ஆபத்து வருகிறது. எந்த இடத்து நீரை, எந்த நாளில், எதற்காகச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது கண்ணில் படும். அதைக் கண்ணில் படாமல் செய்கிற நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தண்ணீர் வடிந்தால் ஆபத்தும் நீங்கியது.

உண்மை: காலரா கிருமி உடலில் புகுந்தால் சில மணி நேரம் முதல் 5 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மாசடைந்த குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ என்னும் மஞ்சள் காமாலை வெளிப்பட 2 முதல் 10 வாரம் பிடிக்கும். கர்ப்பிணிகளின் உயிருக்கே அது உலை வைக்கக்கூடியது. மழை விட்ட வாரத்திலேயே மருத்துவ முகாமைக் கலைத்துவிட்டு ‘தொற்று இல்லை’ என்று கணக்கை முடித்தால், டிசம்பரில் குடித்த நீரால் பிப்ரவரியில் கண் மஞ்சளாகும் பெண் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

நம்பிக்கை 2: நீரேற்று நிலையத்தில் நல்ல நீர் என்றால் வீட்டுக் குழாயிலும் நல்ல நீர்தான்.

உண்மை: குழாயில் எந்நேரமும் நீர் ஓடினால், உள்ளிருக்கும் அழுத்தம் வெளிநீரை அண்டவிடாது. நம் ஊர்களில் பல இடங்களில் சில மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். நிறுத்தியதும் அழுத்தம் இறங்குகிறது. அப்போது அடிபம்பை அடித்தாலும், மோட்டார் போட்டு உறிஞ்சினாலும், விரிசல்கள் வழியே சுற்றியிருக்கும் நீர் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. வெள்ள நாட்களில் அப்படிச் சுற்றி நிற்பது நிரம்பி வழிந்த சாக்கடை நீர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் சான்றாகாது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குளோரோஸ்கோப் குழாயில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் உள்ள நீர் மஞ்சளாகும். நிறம் மாறாமல் அப்படியே நின்றால், கிருமியைத் தடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை என்று பொருள். இந்தச் சோதனையைத் தெருவின் கடைசி வீட்டில் செய்தால்தான் உண்மை தெரியும்.

நம்பிக்கை 3: எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தால் போதும்.

உண்மை: கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், அந்தப் பழக்கத்தைக் கைவிடவே கூடாது. ஆனால் நைட்ரேட்டும் ஈயமும் கொதியில் போகாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயை அடித்துக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த எண்ணெய் வீடுகளின் சுவரிலும் மீனவர்களின் படகு, வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. அத்தகைய இடத்தில் கிருமிச் சோதனை மட்டும் செய்து ‘பாதுகாப்பானது’ என்று சொல்வது பாதி உண்மைதான். அருகில் என்ன ஆலை இருக்கிறதோ, அதற்கேற்ற சோதனையும் தேவை.

நம்பிக்கை 4: நீர்வழியில் குடியேறிய ஏழைகளே இந்த ஆபத்துக்குக் காரணம்.

உண்மை: ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட பல குடும்பங்களுக்குச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அரசே வீடுகள் கட்டிக் கொடுத்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய அந்தத் தாழ்நிலமும் மழைக்கு மூழ்குகிறது. அந்த இடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பழக்கவழக்கம் சரியில்லை என்பாரும் உண்டு. கை கழுவுவது அவசியம்தான். ஆனால் குழாயிலேயே சாக்கடை கலந்து வந்தால் எந்தத் தண்ணீரில் கழுவுவது?

இதற்கெல்லாம் வீடு வீடாக ஆய்வகம் அனுப்ப முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எளிய வழி இருக்கிறது. 1982இல் குவாலியர் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஹெச்2எஸ் குப்பியில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்திருக்கும்போது அது கறுத்துவிடும். அங்கேயே வாழும் பெண்களும் இளைஞர்களும் இதைச் செய்யலாம். இது துல்லியமானதல்ல, தவறாகவும் கறுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எங்கிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று காட்டித்தர இது போதும். உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை. வெள்ளம் வடிந்த நாளிலிருந்து பத்து வாரத்துக்கு, வாரம் ஒருமுறை கடைசி வீட்டுக் குழாயைச் சோதித்து, முடிவை அந்தத் தெருவிலேயே எழுதி ஒட்ட வேண்டும். குடிப்பவர்களுக்குத் தெரியாத சோதனை முடிவால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.